'பீப்' சத்தம் மட்டும் வருது, கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? கடைக்குத் தூக்கிச் செல்லும் முன் இதைப் படியுங்கள்

பூஜை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து கொல்கத்தா திரும்புகிறீர்கள். பத்து நாளாகப் பூட்டிக் கிடந்த ஃபிளாட். காலை பத்து மணிக்கு மீட்டிங். டெஸ்க்டாப்பை ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, ஆனால் மானிட்டர் கருப்பாகவே இருக்கிறது. உள்ளேயிருந்து 'பீப்... பீப்... பீப்' என்ற சத்தம் மட்டும் வருகிறது.

"ஐயோ, எல்லாம் போச்சா?" என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில், சத்தம் வருவது நல்ல சேதி.

சத்தம் ஏன் வருகிறது?

பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் நேரடியாக வந்துவிடாது. மதர்போர்டில் உள்ள ஒரு சிப்பில் இருக்கும் பயாஸ் என்ற சிறிய மென்பொருள் முதலில் எழுந்து, ரேம் இருக்கிறதா, டிஸ்ப்ளே வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும். இந்தச் சுயபரிசோதனைக்குப் பெயர் 'போஸ்ட்'. ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் திரையே தயாராகியிருக்காது. அதனால்தான் ஸ்பீக்கர் வழியாகச் சொல்கிறது. 1981-ல் ஐபிஎம் பிசி வந்த காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு.

ஆக, பீப் வருகிறது என்றால் மின்சாரம் வருகிறது, மதர்போர்டுக்கு உயிர் இருக்கிறது, தனக்கு எங்கே வலிக்கிறது என்றும் சொல்கிறது. இன்னொன்று முக்கியம்: இந்தக் கட்டத்தில் கம்ப்யூட்டர் உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விண்டோஸைப் படிக்கத் தொடங்கவே இல்லை. உங்கள் ஃபைல்களுக்கும் இந்தச் சத்தத்துக்கும் பொதுவாகச் சம்பந்தமே கிடையாது. "ஃபார்மேட் பண்ணினா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில், கத்துவது கம்ப்யூட்டர்தானா?

சிரிக்க வேண்டாம். மேஜைக்கு அடியில் இருக்கும் யுபிஎஸ்ஸும் பேட்டரி தீர்ந்தால் இதே மாதிரிதான் கத்தும். கம்ப்யூட்டரை ஆஃப் செய்த பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் குற்றவாளி யுபிஎஸ்தான்.

கம்ப்யூட்டர்தான் என்றால் போனை எடுத்து ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்யுங்கள். எத்தனை பீப், எது நீளம், எது குட்டை, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று நிதானமாக எண்ணலாம். பிறகு கடைக்காரரிடம் போட்டுக் காட்டவும் உதவும்.

எண்ணிக்கையின் பொருள் பயாஸ் தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். ஏஎம்ஐ பயாஸில் ஒன்று, இரண்டு அல்லது மூன்று குட்டை பீப் என்றால் ரேம் பக்கம் பார்க்க வேண்டும். எட்டு என்றால் டிஸ்ப்ளே மெமரி. அவார்டு பயாஸில் நீளமான பீப் விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் ரேம். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் கிராபிக்ஸ். பல டெல் மாடல்களில் இரண்டு என்றால் ரேம் தெரியவில்லை, நான்கு என்றால் ரேமில் கோளாறு. ஐந்து பீப்புக்கு ஏஎம்ஐ பயாஸில் பிராசசர் என்று அர்த்தம். டெல்லில் நாணயம் அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்று பர்ஸைக் காலி செய்யும் சமாசாரம், இன்னொன்று வாட்ச் கடையிலேயே கிடைப்பது. அதனால் நெட்டில் முதலில் கண்ணில் படும் பட்டியலை நம்பாமல், உங்கள் மாடல் எண்ணைப் போட்டு அந்த நிறுவனத்தின் தளத்திலேயே தேடுங்கள்.

கொல்கத்தாவில் ஏன் ரேமை முதலில் பார்க்க வேண்டும்?

இந்த ஊரின் ஈரக் காற்று உங்களுக்குத் தெரியும். அலமாரியில் வைத்த பெல்ட்டே பூஞ்சை பிடிக்கிறது. ரேமின் அடியில் இருக்கும் தங்கநிறப் பற்கள் மிக மெல்லிய பூச்சுதான். ஈரமும் தூசியும் சேர்ந்து அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்தால் ஸ்லாட்டோடு தொடர்பு சரியாகக் கிடைக்காது. மெஷின் தினமும் ஓடினால் அந்தச் சூட்டிலேயே உள்ளே ஓரளவு உலர்ந்திருக்கும். மழைக்காலத்திலோ பூஜை லீவிலோ நாள்கணக்கில் அணைந்து கிடந்தால்தான் வம்பு. தரைத்தள வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

சரிசெய்ய ஸ்க்ரூடிரைவரும் பென்சில் ரப்பரும் போதும். கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பவர் கேபிளைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். பவர் பட்டனை பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ரேமைக் கெடுக்காமல் இருக்கத்தான் இது. ஸ்லாட்டின் முனையில் உள்ள கிளிப்பை விலக்கினால் ரேம் மேலே வரும் (சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கிளிப் இருக்கும், இழுத்து உடைத்துவிடாதீர்கள்). பற்களை விரலால் தொடாமல், வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். மறுபடி ஸ்லாட்டில் வைத்து 'க்ளிக்' சத்தம் வரும்வரை இரு முனைகளிலும் அழுத்துங்கள். பாதி உட்கார்ந்த ரேம்தான் பலரை ஏமாற்றுகிறது.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள், பிறகு மற்றதை மட்டும். எதைப் போட்டால் கத்துகிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நான்கு ஸ்லாட் போர்டுகளில் ஒற்றை ரேமுக்குப் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்தான் சரியான இடம்.

கோடு கிராபிக்ஸைச் சொன்னால் கார்டையும் இதே மாதிரி எடுத்து மாட்டி, அதன் தனி பவர் ஒயரைப் பாருங்கள். கீபோர்டில் ஏதாவது பட்டன் அமுங்கிக் கிடந்தாலும் சில மெஷின்கள் பீப் அடிக்கும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

சத்தமே இல்லை, திரையும் இல்லை என்றால்?

இப்போது அசெம்பிள் செய்யும் பல மெஷின்களில் ஸ்பீக்கரே கிடையாது. அதற்குப் பதிலாகப் பல போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி லைட்கள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அதுதான் பிரச்னை. டிடிஆர்5 ரேம் புதிதாகப் போட்டிருந்தால் முதல்முறை திரை வர சில நிமிடங்கள்கூட ஆகலாம். பொறுமையிழந்து ஆஃப் செய்துவிடாதீர்கள்.

சாந்தினி சௌக் போகிறீர்களா?

டெல்லியில் இருப்பது அல்ல, நம்ம ஊர் மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டிய மார்க்கெட். திறமையான மெக்கானிக்குகள் அங்கே உண்டு. வந்ததும் வராததுமாக "மதர்போர்டு போயிடுச்சு" என்பவர்களும் உண்டு. அப்படிச் சொன்னால், "தாதா, ரேம்-டா எக்பார் குலே லாகியே தேகுன்" என்று கேளுங்கள்: அண்ணா, ரேமை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்க. (நம்ம சினிமா 'தாதா' வேறு, இங்கே அது அண்ணன்.) கூடவே, "ஃபார்மேட் கோர்பேன் நா", ஃபார்மேட் பண்ணாதீங்க. முடிந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பீப் கோளாறைக் கண்டுபிடிக்க அது தேவையே இல்லை.

புது ரேம் வாங்கச் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 பிற்பகுதியில் ரேம் விலை உலகம் முழுக்க எகிறியது. உங்கள் ரேமை வேறொரு மெஷினில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயும் தகராறு செய்தால்தான் அது கெட்டது. அப்போதும் பழைய பில்லைத் தேடுங்கள். பிராண்டட் ரேம்களுக்குப் பல வருட வாரண்டி இருப்பது சகஜம்.

மதர்போர்டையே மாற்ற வேண்டி வந்தால், அதற்கு முன் ஒரு வேலை. விண்டோஸ் 11-ல் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால், போர்டு மாறிய பிறகு 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். சில நேரம் பயாஸை ரீசெட் செய்தாலே கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆபீஸ் மெஷின் என்றால் ஐடி டீமிடம் இருக்கும். கடைக்குக் கிளம்பும் முன் போனிலேயே லாகின் செய்து, அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.