மலைமரமும் ஓவிய நெறியும்

கி. பி. 907-இல் தாங் பேரரசு வீழ்ந்து சீனம் சிதறிற்று. அக்குழப்பக் காலத்தே ஓவியர் ஜிங் ஹாவோ தைஹாங் மலையில் ஒதுங்கி, உழுதுண்டு வாழ்ந்தார். ஆண்டுப் பாசி படர்ந்து, எழ முனையும் நாகமென நின்ற பழம்பைன் மரங்களைக் கண்டு வியந்து, மெய்வடிவம் கைவரும்வரை பல்லாயிரம் படங்கள் வரைந்தாரெனத் தம் தூரிகை நூலிற் கூறுவர். அவ்வுழைப்பும் போதாதாம்! மலையில் எதிர்ப்பட்ட முதியவர் ஒருவர், ஒப்புமை புறவடிவை மட்டுமே பற்றும், உண்மையோ உயிர்ப்பையும் உடன்பற்றும் என்று அவரைத் திருத்தினாராம். இம்முதியவர் நூலாசிரியரின் படைப்பே என்பது எம் துணிபு. பைன் வளைந்து வளரினும் பணிந்து வளராது என அந்நூல் காட்டுவது, ஆட்சிகள் அடுத்தடுத்து மாறிய நாளில் சான்றோர் நின்ற நிலையையும் சுட்டும் போலும். பின்னர் 1072-இல் அரண்மனை ஓவியர் குவோ ஷி தீட்டிய ‘இளவேனில் தொடக்கம்’ என்னும் பட்டோவியத்திலும் முறுகிய மரங்களே முன்னிற்கின்றன.