ஜொகூரில் முடிந்த சோழன் கல்யாணம்

1025-இல் ராஜேந்திர சோழன் கடல் கடந்து படை அனுப்பினான். கைப்பற்றியவற்றை மெய்க்கீர்த்தி கறாராகக் கணக்கு வைக்கிறது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம்; யானைகள், வித்தியாதர தோரணம். அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டதும் அதில் உண்டு. பெண் யாரும் இல்லை.

ஏறக்குறைய அறுநூறு வருஷம் கழித்து, ஜொகூரில், பெண் வந்துவிட்டாள். 1612-இல் இளவரசர் ராஜா அப்துல்லாவின் கட்டளைப்படி ஜொகூரின் பெண்டஹாரா (முதலமைச்சர்) துன் ஸ்ரீ லானாங் மலாய் அரசர்களின் கதையைத் தொகுத்தார். அதுதான் 'செஜாரா மெலாயு'. இந்தியக் கரையிலிருந்து பெரும்படையோடு அதில் ஒரு ராஜா வருகிறான். சுவடிக்குச் சுவடி சூரன், சூலன் என்று பெயர் மாறினாலும், சோழன் நினைவுதான் அது என்பார்கள். ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டையை ஆண்ட ராஜா சூலினைக் கொன்று, அவன் மகள் ஓனாங் கியுவைக் கட்டிக்கொள்கிறான். அப்பாவைக் கொன்றவனை அவள் எப்படி ஏற்றாள்? பேச்சே இல்லை.

அதே வம்சத்து அரசன் ஒருவனுக்குக் கடலடியைப் பார்க்கும் ஆசை வருகிறது. கண்ணாடிப் பெட்டி செய்கிறார்கள். பூட்டு உள்பக்கம், மேலே பொற்சங்கிலி. இறங்கினால் அங்கே ஒரு ராஜ்ஜியம். கடல் மன்னன் தன் மகள் மஹ்தாபுல் பஹ்ரியைக் கட்டிக்கொடுக்கிறான். மூன்று பிள்ளைகள் பிறந்தபின், மாயக் குதிரை ஏறிக் கரைக்கு வந்துவிடுகிறான். பூட்டு எந்தப் பக்கம் என்பதுவரை யோசித்த கதை, விட்டுவந்த மனைவியை யோசிக்கவில்லை.

ஆனாலும் இந்தக் கல்யாணங்களை நம்பமுடிகிறது. கதையைத் தொகுக்கச் சொன்னது, 1511-இல் மலாக்காவைப் போர்ச்சுகீசியரிடம் இழந்து ஜொகூருக்கு வந்த அரச குடும்பம். நாடு போனவர்களுக்கு வம்சப் பெருமைதான் மிச்சம். இஸ்கந்தர் என்ற அலெக்சாண்டரையும் சோழனையும் கடல் மன்னனையும் ஒரே கொடிவழியில் கோக்கக் கல்யாணத்தைவிட்டால் வேறு வழியில்லை. காதல் அங்கே தேவைப்படவே இல்லை. துன் ஸ்ரீ லானாங் தம் மூதாதையாகச் சொல்லும் மணி புரிந்தானும் இந்தியக் கரையிலிருந்து வந்து மலாக்காவில் பெண்ணெடுத்தவர்தான்.

சிக்கல் நம் தொடர்கதைக் காலத்தில் ஆரம்பித்தது. சாண்டில்யனின் 'கடல்புறா'விலும் அதே கடல், அதே சோழ மரக்கலங்கள். இளைய பல்லவனும் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியும் கண்ட வேகத்தில் மனதைப் பறிகொடுக்கிறார்கள். நானும் ரசித்துப் படித்தவன்தான். ஆனால் காதல் என்று சொன்னபிறகு வாசகன் காரணம் கேட்பான். இடையழகைப் பக்கம் பக்கமாக வருணித்தால் அது காரணமாகிவிடாது. ஆபத்து, தனிமை, ஒருவரையொருவர் நம்பியே தீரவேண்டிய நெருக்கடி, இவை இருந்தால் ஒரே ராத்திரிக் காதலும் நிற்கும்.

ஜொகூர்த் தமிழ் எழுத்தாளர் யாராவது ஓனாங் கியுவை எடுத்து எழுத வேண்டும். அவசரம் வேண்டாம், முதல் நூறு பக்கம் அவள் அவனோடு பேசாமலே இருக்கட்டும்.