அக்டோபர் 2: ஒரு நாளும் இரு நாட்காட்டிகளும்

நம் இல்லச் சுவர்களில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் தாள் ஒன்றைக் கிழித்துப் பார்த்தால், ஒரே நாளுக்கு மூன்று பெயர்கள் இருப்பதைக் காணலாம். ஆங்கிலத் தேதி பெரிய எழுத்தில் இருக்கும். தமிழ் மாதமும் நாளும் அதனருகே இடம் பெறும். ஹிஜ்ரி பிறை ஓர் ஓரத்தில் அச்சாகியிருக்கும். செய்தித்தாள்களோ ‘வரலாற்றில் இன்று’ என்னும் தலைப்பில், அத்தேதியில் பிறந்தோர், மறைந்தோர், நடந்த போர்கள், பெற்ற விடுதலைகள் ஆகியவற்றை அடுக்கித் தருகின்றன. தொடர்பற்ற நிகழ்ச்சிகள் ஒரே தேதியின் கீழ் ஒன்றுசேர்வதைக் காணும்போது உள்ளத்தில் வியப்பு எழுவது இயல்பே. அவ்வியப்பு படிப்பினையில் சென்று முடியவும் கூடும். நாளுக்கே ஒரு மகிமையையோ தீட்டையோ கற்பித்துவிடவும் கூடும்.

இவ்விரண்டில் எது நம் வழி என்பதைத் தெளிவுபடுத்தும் நிகழ்ச்சி ஒன்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே உண்டு. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் அன்னாரின் அருமைக் குழந்தை இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. வானியலார் கணக்கிட்டுக் காட்டும் கி.பி. 632 ஜனவரி 27ஆம் நாள் கிரகணம் இதுவே என்பர். நபிமகனின் மறைவுக்காகவே கதிரவன் இருண்டது என மக்கள் பேசிக்கொண்டனர். மதத் தலைவர் என்ற பெயரில் மக்களின் அறியாமையைப் பயன்படுத்திக்கொள்ள நினைக்கும் எவருக்கும் இதைவிடச் சிறந்த வாய்ப்பு அமைந்திராது. ஆனால், மகனை இழந்த துயரின் நடுவிலும் அன்னார் அப்பேச்சை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அவை மறைவதில்லை என்று விளக்கித் தொழுகைக்கு அழைத்தார்கள். இரு நிகழ்ச்சிகள் ஒரே நாளில் நேர்வதனாலேயே ஒன்று மற்றதன் காரணமாகிவிடாது என்னும் அறிவுநெறி அன்றே நமக்குக் கற்பிக்கப்பட்டுவிட்டது.

இந்நெறியைக் கையில் கொண்டு, நமக்கு நன்கு அறிமுகமான அக்டோபர் 2ஆம் நாளை ஆராய்வோம்.

ரஜப் பிறை 27

கி.பி. 1187 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை. ஹிஜ்ரி 583, ரஜப் பிறை 27. அன்றுதான் பைத்துல் முகத்தஸ் நகரம் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியிடம் சரணடைந்தது. 1099 ஜூலை 15 அன்று சிலுவைப் போர்ப் படையினர் அந்நகருக்குள் புகுந்து, முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்து ஏறத்தாழ 88 ஆண்டுகள் கடந்திருந்தன. 1187 ஜூலை 4 அன்று ஹித்தீனில் பெற்ற வெற்றிக்குப் பின், செப்டம்பர் 20 அன்று சுல்தான் நகரை முற்றுகையிட்டார்.

தொடக்கத்தில் நகரை வாளால் வெல்வதே அவர் எண்ணமாயிருந்தது. ஆனால் நகரைக் காத்துநின்ற பேலியன் என்பார் நேரில் வந்து, உயிருக்கு உத்தரவாதம் கிடைக்காவிடில் தம்மிடம் சிறைப்பட்டுள்ள ஆயிரக்கணக்கான முஸ்லிம்களைக் கொன்று, குப்பத்துஸ் ஸக்ராவையும் இடித்துவிட்டுச் சாகும்வரை போரிடுவோம் என்று அறிவித்தார். சுல்தான் தம் ஆலோசகர்களைக் கலந்து உடன்படிக்கைக்கு இசைந்தார். ஆடவருக்குப் பத்துத் தீனார், மகளிருக்கு ஐந்து, சிறாருக்கு ஓரிரண்டு எனப் பிணைத்தொகை குறிக்கப்பட்டது. அதைச் செலுத்தி வெளியேற நாற்பது நாள் தவணையும் அளிக்கப்பட்டது. செலுத்த வழியற்ற ஏழைகள் 7,000 பேருக்கென 30,000 தீனார் மொத்தமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அதற்குப் பின் நடந்தவற்றைக் கிறித்தவ வரலாற்றாசிரியர்களே வியந்து எழுதியுள்ளனர். சுல்தானின் சகோதரர் அல்ஆதில் ஆயிரம் அடிமைகளைத் தமக்குரியோராகக் கேட்டுப் பெற்று, அங்கேயே அவர்களை விடுதலை செய்தார். முதியோர்களைச் சுல்தான் தொகையின்றி அனுப்பினார். போரில் கணவரை இழந்த மகளிர் கண்ணீருடன் வந்தபோது பொருள் அளித்து ஆறுதல் கூறினார். மறைமுதல்வர் ஹெராக்ளியஸ் தேவாலயச் செல்வங்களை வண்டிகளில் ஏற்றிச் சென்றபோது, அவற்றைப் பறிமுதல் செய்யுமாறு சிலர் தூண்டினர். வாக்குத் தவற மாட்டேன் என்று கூறி, பத்துத் தீனார் மட்டுமே பெற்றுக்கொண்டு அவரை வழியனுப்பினார். புனிதக் கல்லறைத் தேவாலயத்தை இடித்துவிடலாம் என்ற யோசனையையும், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காட்டிய முன்மாதிரியை எண்ணிச் சுல்தான் ஏற்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. பிணைத்தொகை செலுத்த இயலாமல் அடிமைகளாக்கப்பட்டோரும் உண்டு. அவர்கள் சுமார் 15,000 பேர் எனச் சுல்தானின் செயலர் இமாதுத்தீன் அல்இஸ்ஃபஹானியும், 16,000 பேர் என இப்னுல் அஸீரும் குறித்துள்ளனர். தொகை வசூலித்த அதிகாரிகள் சிலரின் முறைகேட்டையும் இவர்கள் பதிவு செய்யத் தவறவில்லை. தம் தரப்பின் குறையைத் தாமே எழுதிவைத்த அவ்வறிஞர்களின் நேர்மையன்றோ முஸ்லிம் வரலாற்றுக் கலையின் பெருமை! மேடைகளில் சுல்தானின் பெருந்தன்மையை மட்டும் பாடிவிட்டு இப்பகுதியை விட்டுவிடுவோர், அவருக்கும் வரலாற்றுக்கும் ஒருசேர அநீதி செய்கின்றனர். அக்காலப் போர்மரபு அனுமதித்ததைவிட வெகுதூரம் அவர் உயர்ந்து நின்றார் என்பது உண்மை. அக்காலத்தின் எல்லைகளை முழுமையாகக் கடக்கவில்லை என்பதும் உண்மையே.

தேதிகள் கூடும் விதம்

நகரம் கைக்கு வந்த நாள் மிஃராஜ் இரவின் நினைவு நாளாக அமைந்ததைச் சுல்தானின் வரலாற்றை எழுதிய பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் வியந்து போற்றுகிறார். மிஃராஜின் முதல் கட்டம் சென்று சேர்ந்த நகரமே அன்று மீட்கப்பட்டதால், அம்மகிழ்ச்சி எளிதில் விளங்கக்கூடியதே. எனினும் மிஃராஜ் நிகழ்ந்த நாள் ரஜப் 27 என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அது நிகழ்ந்த காலம் குறித்துப் பத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் இருப்பதாக இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ எடுத்துரைக்கிறார்.

ஆங்கிலத் தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி 1582இல்தான் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாளை அடுத்து 15ஆம் நாள் வருமாறு இடையிலிருந்த பத்து நாட்கள் நீக்கப்பட்டன. அதற்கு முற்பட்ட நிகழ்ச்சிகளை வரலாற்றாசிரியர்கள் பழைய ஜூலியன் கணக்கிலேயே குறிக்கின்றனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரு கணக்குகளுக்கும் இடையே ஏழு நாள் வேறுபாடு. ஆகவே பைத்துல் முகத்தஸ் மீட்கப்பட்ட நாளை இன்றைய கணக்கில் சொன்னால் அது அக்டோபர் 9 ஆகும். அக்டோபர் 2 என்னும் எண் பொதுவாக இருப்பினும், அந்நாளும் இன்றைய அக்டோபர் 2ஆம் நாளும் கதிரவனைச் சுற்றிவரும் பாதையில் ஒரே இடத்தைக் குறிப்பவை அல்ல. ஹிஜ்ரி ஆண்டோ சூரிய ஆண்டைவிடப் பத்து அல்லது பதினொரு நாள் குறைந்தது. ரஜப் மாதம் பருவங்கள் அனைத்தையும் சுற்றிவந்து பழைய இடத்தை அடைய ஏறத்தாழ 33 ஆண்டுகள் ஆகும்.

இன்னொரு பொருத்தத்தையும் பாருங்கள். பைத்துல் முகத்தஸ் வீழ்ந்தது ஜூலை 15; மீட்கப்பட்டது அக்டோபர் 2. பெருந்தலைவர் காமராஜர் பிறந்தது 1903 ஜூலை 15. மறைந்தது 1975 அக்டோபர் 2. இரண்டு தேதிகளும் அச்சுப் பிசகாமல் ஒத்து வருகின்றன. இதிலிருந்து எவரேனும் ஏதேனும் மறைபொருள் காண முனைந்தால் நாம் நகைக்கமாட்டோமா? விருதுபட்டியில் பிறந்த ஒரு குழந்தைக்கும் எட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு முற்றுகைக்கும் என்ன தொடர்பு? ஆண்டுக்கு 365 நாட்களே உள்ளன. வரலாற்று நிகழ்ச்சிகளோ எண்ணிறந்தவை. அவை ஒன்றோடொன்று மோதாமல் இருந்தால்தான் வியப்பு.

மனிதர் தேர்ந்த நாள்

ஆயினும் எல்லாப் பொருத்தங்களும் தற்செயலானவை அல்ல. காந்தியடிகள் 1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் பிறந்ததும், லால் பகதூர் சாஸ்திரி 1904இல் அதே தேதியில் முகல்சராயில் பிறந்ததும் தற்செயல். ஆனால் 1963 அக்டோபர் 2 அன்று காமராஜர் முதலமைச்சர் பதவியைத் துறந்தது தற்செயல் அன்று. கட்சிப் பணிக்காகப் பதவி விலகுவோம் எனத் தாமே முன்வைத்த திட்டத்தைத் தாமே நிறைவேற்ற, காந்தி பிறந்த நாள் தேர்ந்துகொள்ளப்பட்டது. பிறப்பும் இறப்பும் நம் கையில் இல்லை. துறப்பு நம் கையில் இருக்கிறது. சென்னைத் திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீட்டிலேயே வாழ்ந்து, சொந்த வீடின்றி அவர் மறைந்த நாளும் அதுவாகவே அமைந்தது.

சாஸ்திரியின் வாழ்விலும் ஒரு துறப்பு உண்டு. 1956 நவம்பரில் நம் அரியலூர் அருகே நேர்ந்த கொடிய ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று, ரயில்வே அமைச்சர் பதவியை அவர் விட்டு விலகினார். விபத்து அவர் கையால் நேர்ந்ததன்று. எனினும் பதவி தம் கையில் இருந்ததால் பொறுப்பும் தமதே எனக் கருதினார்.

காந்தியடிகளின் இறுதி நாட்களை நம் சமுதாயம் மறத்தல் ஆகாது. 1948 ஜனவரி 13 அன்று டெல்லியில் அவர் தொடங்கிய உண்ணாநோன்பு, அந்நகர முஸ்லிம்களின் உயிரையும் உரிமையையும் காப்பதற்கானது. ஆக்கிரமிக்கப்பட்ட பள்ளிவாசல்கள் திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதும், மெஹ்ரௌலியில் குவாஜா குத்புத்தீன் பக்தியார் காகீ அவர்களின் உரூஸ் அச்சமின்றி நடைபெற வேண்டும் என்பதும் அவர் ஏற்கச் செய்த உறுதிமொழிகளுள் அடங்கும். ஜனவரி 18 அன்று நோன்பு முடிந்தது. 27 அன்று அவர் மெஹ்ரௌலிக்கே சென்றார். மூன்றாம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுல்தானையும் இருபதாம் நூற்றாண்டு அறப்போராளியையும் ஒரே தட்டில் வைப்பதற்கில்லை. ஒருவர் வாளேந்திய வேந்தர்; மற்றவர் வாளை மறுத்தவர். ஆனால் பழிவாங்கத் துடிக்கும் தம் மக்களின் நடுவே நின்று, வலுவிழந்த மறுதரப்பாருக்கு அபயம் அளிக்கும் துணிவு இருவரிடமும் இருந்தது. இவ்வொற்றுமையைக் காண நமக்குத் தேதி தேவையில்லை, செயல்களே போதும்.

அதே நாளின் இருள்

காந்தி பிறந்த நாளை அனைத்துலக அகிம்சை நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007 ஜூனில் அறிவித்தது. அந்த நாளின் ஏட்டிலோ குருதிக் கறைகளும் உள்ளன. 1968 அக்டோபர் 2 அன்று, ஒலிம்பிக் தொடங்கப் பத்து நாட்களே இருந்த வேளையில், மெக்சிகோ நகரின் தலாதெலோல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்கள் மீது அரசுப் படைகள் சுட்டன. மாண்டோர் எத்தனை பேர் என்பதே சர்ச்சைக்குரியதாயிற்று. 2018 அக்டோபர் 2 அன்று, திருமணத்துக்குத் தேவையான ஆவணம் பெறுவதற்காக இஸ்தான்புலில் உள்ள தம் நாட்டுத் துணைத் தூதரகத்துக்குள் சென்ற சவூதி எழுத்தாளர் ஜமால் கஷோகி அங்கேயே கொல்லப்பட்டார். அகிம்சை நாள் என்ற அறிவிப்பு அவரைக் காக்கவில்லை.

ஒரே விடுதலை நாள் இரு முகங்களைக் கொண்டிருப்பதும் உண்டு. முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் மேற்கு ஆப்பிரிக்கக் கினி நாடு, பிரான்சின் பிடியில் தொடர்ந்திருக்க மறுத்து வாக்களித்து, 1958 அக்டோபர் 2 அன்று விடுதலை பெற்றது. அவ்விடுதலையை முன்னின்று பெற்றுத்தந்த செக்கூ தூரே, பின்னாளில் தம் நாட்டவர் பலரைப் போய்ரோ சிறைமுகாமில் வாடி மடிய விட்டார். விடுதலை நாள் ஒருமுறை வந்தால் போதாது. அதை நாள்தோறும் காக்க வேண்டும் என்பதே கினியின் படிப்பினை.

நாளைச் செய்தல்

நாட்களை மனிதரிடையே மாறி மாறிச் சுழலச் செய்வதாக இறைமறையின் ஆலு இம்ரான் அத்தியாயம் கூறுகிறது. இறைவனின் நாட்களை மக்களுக்கு நினைவூட்டுமாறு மூஸா (அலை) அவர்களுக்கு இடப்பட்ட கட்டளையை இப்ராஹீம் அத்தியாயத்தில் காண்கிறோம். நினைவுகூர்தல் விலக்கப்பட்டதன்று, ஏவப்பட்டதே. எதற்காக நினைவுகூர்கிறோம் என்பதே வினா.

ஹலப் நகரில் நூருத்தீன் ஸங்கி ஒரு மிம்பரைச் செய்யச் சொன்னார். பைத்துல் முகத்தஸ் மீட்கப்படும்போது அல்அக்ஸா பள்ளியில் வைப்பதற்காக அது ஆயத்தமாயிற்று. 1174இல் அவர் மறைந்தபோது அந்நாள் கண்ணுக்கெட்டிய தொலைவிலும் இல்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஸலாஹுத்தீன் அம்மிம்பரை வரவழைத்து அல்அக்ஸாவில் நிறுவினார். நற்பேறான தேதிக்காகக் காத்திருக்காமல், தாம் காணப்போகாத ஒரு நாளுக்காக உழைத்தவரின் அடையாளம் அது. ஸலாஹுத்தீனும் 1193இல் திமிஷ்கில் மறைந்தபோது, அவர் கருவூலத்தில் எஞ்சியவை 47 திர்ஹங்களும் ஒரேயொரு பொற்காசும் மட்டுமே என இப்னு ஷத்தாத் எழுதியிருக்கிறார்.

ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு வகுக்கப்பட்ட வரலாறும் இங்கு எண்ணத்தக்கது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஆண்டின் தொடக்கம் எது என்ற ஆலோசனை எழுந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பு, நபித்துவம், மறைவு ஆகியனவும் பேசப்பட்டன. இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டது ஹிஜ்ரத். பிறப்பையும் இறப்பையும் விடுத்து, கொள்கைக்காக ஊரையும் உறவையும் உடைமையையும் துறந்து புறப்பட்ட ஒரு செயலைத் தன் காலக்கணக்கின் தொடக்கமாகக் கொண்ட சமுதாயம் நாம்.

ஆகவே நாளை நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது, இன்று யார் பிறந்தார், எந்த நகரம் வீழ்ந்தது என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். நம்மிடம் வலுவிழந்து நின்ற ஒருவருக்கு இன்று நாம் என்ன செய்தோம் என்பதையும் கேட்டுக்கொள்வோம். அக்கேள்விக்குத் தரும் விடையே அந்நாளின் சிறப்பாகும்.