வினாவைத் திருப்பினால் விடையா?

"வினாவில் உள்ள சொற்களைத் திருப்பிப் போடு, விடையாகிவிடும்!" ஆங்கில வகுப்பிலே நம் பிள்ளைகள் பயிலும் வித்தை இது. பாடத்தின் எந்த வரியிலே வினாவின் சொல் தென்படுகிறதோ, அந்த வரியை அப்படியே எடுத்தெழுதினால் மதிப்பெண் கிட்டும். பொருள் புரிந்ததா? கேட்பாரில்லை!

இந்த வித்தை எங்ஙனம் வேரூன்றிற்று? வரலாற்றைப் புரட்டுவோம்.

1835-இல் மெக்காலே தந்த குறிப்பு, ஆங்கிலக் கல்விக்கு வழிகோலிற்று. 1857-இல் சென்னை, கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி எழுந்த அவை, அந்நாளில் பாடம் கற்பித்தவை அல்ல. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியவை! கற்பித்தவர் ஓரிடம், கேள்வி கேட்டவர் வேறிடம். தேர்வாளர் கண்டது மாணவன் முகத்தையல்ல, தாளை. ஆகவே, தாளுக்கேற்ற விடையைத் தயாரிப்பதே கல்வி என்றாயிற்று.

விடையோ ஆங்கிலத்திலே! வீட்டிலே கேளாத மொழி, வீதியிலே பேசாத மொழி. சொந்தமாக எழுதினால் பிழை வரும். பிழை வந்தால் மதிப்பெண் போகும். மதிப்பெண் போனால் உத்தியோகம் போகும். அஞ்சிய மாணவன் மனப்பாடத்திடம் தஞ்சம் புகுந்தான்.

உத்தியோகத்தின் உச்சியிலே இருந்த சிவில் சர்வீஸ் தேர்வு 1855-இல் இலண்டனிலே தொடங்கிற்று. மெக்காலே குழு 1854-இல் வகுத்த மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள்: கிரேக்கத்துக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. தமிழுக்கு? இடமே இல்லை! அத்தேர்வு இந்திய மண்ணை மிதித்ததே 1922-இல்தான்.

கேடு ஆள்வோருக்குத் தெரியாததன்று. கர்சன் மனப்பாடக் கல்வியைக் கண்டித்தார். 1904-இல் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. உயர்நிலைப் பள்ளியிலே பெரும்பாலான பாடங்களைத் தாய்மொழியிலே கற்பிக்கலாம் என்றது 1917-இல் அமைந்த சாட்லர் குழு. சட்டமும் வந்தது, அறிக்கையும் வந்தது. மனப்பாடம் மட்டும் போகவில்லை!

ஆங்கிலத்தின்மீது நமக்குப் பகையில்லை. உலக அறிவை எட்ட அது உதவும். ஆனால், எடுத்தெழுதும் கை மட்டும் போதுமா? எண்ணும் தலை வேண்டாவா?

மாணவன் முதலில் தன் மொழியிலே எண்ணட்டும், வாய்விட்டுச் சொல்லட்டும், பிறகு எளிய ஆங்கிலத்திலே, பிழையோடேனும், தானே எழுதட்டும். குடும்பத்திலே முதன்முதலாக ஏடு தொட்ட பிள்ளைக்கு, அப்பிழையைத் திருத்த வீட்டிலே ஆளில்லை. வகுப்பறையை விட்டால் வேறு புகலில்லை. திருத்தத்தானே ஆசிரியர்!

எடுத்தெழுதிய விடையிலே பிழை இராது, உண்மைதான். அந்த விடையிலே அவனும் இரான்!