உயரம் குறைந்தோருக்கான விசையுந்துத் தகவமைப்பு

உயரம் குறைந்தோருக்கான விசையுந்துத் தகவமைப்பு என்பது, நெடும்பயணத்துக்கென உருவாக்கப்பட்ட கனமான மோட்டார் சைக்கிளை, அதன் இருக்கையில் அமர்ந்து நிலத்தில் உறுதியாகக் காலூன்ற இயலாத ஓட்டுநருக்குப் பொருந்துமாறு சீரமைப்பதைக் குறிக்கும். இருக்கையைத் தாழ்த்துதல், ஷாக் அப்சார்பரையும் முன் ஃபோர்க்கையும் மாற்றியமைத்தல், கைப்பிடியையும் நெம்புகோல்களையும் எட்டும் தொலைவுக்குக் கொணர்தல், சுமையைக் கீழிறக்குதல் ஆகியன இதில் அடங்கும். வண்டியை நிறுத்தும்போதும் திருப்பும்போதும் கையாள வேண்டிய முறைகளும் இதனுடன் சேர்த்தே கருதப்படுகின்றன.

இந்தியாவில் இத்தகைய வண்டிகள் பெருமளவில் உருவாகும் இடங்களுள் ஒன்று, சென்னைக்கு மேற்கே செம்பரம்பாக்கம் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் வரை பரவியுள்ள தொழிற்பகுதி ஆகும். எனவே இப்பகுதியில் உருவாகும் வண்டிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை விளக்குவது எளிது.

பின்னணி

ராயல் என்ஃபீல்டு வண்டிகளை இந்தியாவில் உருவாக்குவதற்காக 1955 ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் ஆலை வட சென்னையின் திருவொற்றியூரில் அமைந்தது. 1994 இல் இந்நிறுவனம் ஐச்சர் குழுமத்துடன் இணைந்தது. 2013 இல் ஒரகடத்திலும் 2017 இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் உலகளாவிய தானுந்து ஆராய்ச்சி மையமும் ஒரகடத்திலேயே உள்ளது.

நீண்ட காலம் இந்தியாவில் கனமான மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட் என்றே பொருள். அதன் ஓட்டுநர்கள் படைவீரர், காவலர், கட்டுடல் கொண்ட ஆண்கள் என்ற எண்ணமும் நிலவியது. அந்நிலை மாறியுள்ளது. 2018 குடியரசு நாள் அணிவகுப்பில் எல்லைப் பாதுகாப்புப் படையின் சீமா பவானி மகளிர் குழு 350 சி.சி. புல்லட் வண்டிகளில் சாகசம் நிகழ்த்தியது. 2023 அக்டோபரில் மத்திய ரிசர்வ் காவல் படையின் மகளிர் வீரர்கள் 150 பேர் யசஸ்வினி என்ற பயணத்தை மேற்கொண்டனர். ஸ்ரீநகர், ஷில்லாங், கன்னியாகுமரி ஆகிய மூன்று முனைகளிலிருந்து 350 சி.சி. வண்டிகளில் புறப்பட்டு அவர்கள் குசராத்தின் ஏக்தா நகரை அடைந்தனர்.

வண்டியின் அளவுகளோ பெரும்பாலும் உலகச் சந்தையை நோக்கியே முடிவு செய்யப்படுகின்றன. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ.; ஆண்களுடையது ஏறத்தாழ 165 செ.மீ. ஆகவே இச்சிக்கல் ஒரு சிலருக்கு மட்டும் உரியதன்று. நாட்டின் வயது வந்தோரில் பெரும் பகுதியினருக்கு உரியது.

இருக்கை உயரமும் எடையும்

ராயல் என்ஃபீல்டு வண்டிகள் சிலவற்றின் இருக்கை உயரமும் எடையும் கீழே தரப்படுகின்றன. அடைப்புக்குறிக்குள் உள்ளது அறிமுகமான ஆண்டு.

- சூப்பர் மீட்டியோர் 650 (2023): 740 மி.மீ., 241 கிலோ
- மீட்டியோர் 350 (2020): 765 மி.மீ., 191 கிலோ
- ஹண்டர் 350 (2022): 790 மி.மீ., 181 கிலோ
- ஹிமாலயன் 411 (2016, 2023 வரை உருவாக்கப்பட்டது): 800 மி.மீ., 199 கிலோ
- கிளாசிக் 350 (2021 வடிவம்): 805 மி.மீ., 195 கிலோ
- ஹிமாலயன் 450 (2023): 825 மி.மீ., 845 மி.மீ. என இரு நிலைகள், 196 கிலோ

இப்பட்டியலில் மிகுந்த எடையுள்ள வண்டியே மிகத் தாழ்ந்த இருக்கையைக் கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது. எடை, உயரம் ஆகிய இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். கரடுமுரடான பாதைக்கென உருவாக்கப்படும் வண்டிக்கு நிலத்துக்கும் அடிப்பகுதிக்கும் இடையே மிகுந்த இடைவெளி தேவை. ஹிமாலயன் 450 இல் இது 230 மி.மீ. அதனால் அதன் இருக்கையும் உயர்ந்தே இருக்கிறது.

கால் எட்டாமையின் காரணங்கள்

கவட்டிலிருந்து குதிகால் வரையிலான நீளம் பொதுவாக ஒருவரின் உயரத்தில் ஏறத்தாழ 45 விழுக்காடு இருக்கும். 152 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு இது 68 செ.மீ. அளவில் அமையும். 3 செ.மீ. தடிப்புள்ள காலணியைச் சேர்த்தால் 71 செ.மீ. ஹிமாலயன் 450 இன் தாழ்ந்த நிலை இருக்கையோ 82.5 செ.மீ. இடையே 11.5 செ.மீ. குறைகிறது. மேலும் இரண்டு காரணங்கள் இக்குறையைப் பாதிக்கின்றன.

முதலாவது, இருக்கையின் அகலம். கால் இருக்கையின் விளிம்பைச் சுற்றி வளைந்தே கீழிறங்குகிறது. எனவே ஒரே உயரமுள்ள இரு இருக்கைகளில், பெட்ரோல் தொட்டியை ஒட்டிய முன்பகுதி குறுகியதாக உள்ள இருக்கையில் அமர்பவருக்கு நிலம் அருகில் இருக்கும்.

இரண்டாவது, ஓட்டுநரின் எடை. ஒருவர் ஏறி அமரும்போது சுருள்வில் அழுந்தி வண்டி சற்றுத் தாழ்கிறது. உயரம் குறைந்தோர் பலர் எடையும் குறைந்தவர்கள். ஆகவே அவர்கள் அமரும்போது வில் குறைவாகவே அழுந்துகிறது. கனமான ஒருவருக்குத் தானாகக் கிடைக்கும் தாழ்வு இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

சாய்வின் இயற்பியல்

நேராக நிற்கும் வண்டியைத் தாங்குவதற்கு வலிமை ஏறக்குறைய தேவையில்லை. சாயத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. 200 கிலோ எடையும் 55 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள வண்டியை, சக்கரம் நிலத்தைத் தொடும் இடத்திலிருந்து 1 மீட்டர் தொலைவில் கைப்பிடியைப் பற்றித் தாங்குவதாகக் கொள்வோம். தேவைப்படும் விசை பின்வருமாறு அமையும்:

- 5 பாகை சாய்வில் ஏறத்தாழ 10 கிலோ
- 15 பாகை சாய்வில் ஏறத்தாழ 28 கிலோ
- 25 பாகை சாய்வில் ஏறத்தாழ 46 கிலோ

கால் நீளமானவர் முதல் சில பாகைகளிலேயே வண்டியைத் தாங்கிவிடுகிறார். கால் எட்டாதவருக்கு வண்டி மேலும் சாய்ந்த பிறகே பாதம் நிலத்தைத் தொடுகிறது. அதற்குள் சுமை பன்மடங்காகிவிடும். வேகமாகச் செல்லும் வண்டியில் இச்சிக்கல் எழுவதில்லை. நடை வேகத்திலும் நிற்கும்போதும்தான் பெரும்பாலான சரிவுகள் நிகழ்கின்றன. வண்டிக்கு அடியில் சிக்கும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் காயம் நேரலாம்.

தகவமைக்கும் முறைகள்

இருக்கை

இதுவே எளியதும் திரும்ப மாற்றத்தக்கதுமான முறை. ஹிமாலயன் 450 வண்டிக்கு உற்பத்தியாளரே 805 மி.மீ. உயரத்துக்குத் தாழ்த்தும் இருக்கையைத் தனியே விற்கிறார். இருக்கை தைப்பவரிடம் கொடுத்து நுரைப்பஞ்சைச் செதுக்குவதும் வழக்கில் உள்ளது. உட்காரும் பகுதி முழுவதையும் மெலிதாக்குவதைவிட, தொடை உரசும் முன் ஓரங்களைச் செதுக்குவது கூடுதல் பயன் தரும். பஞ்சு மெலியும்போது அடித்தட்டு உறுத்தும். ஆகையால் எஞ்சும் பஞ்சு அடர்த்தி மிக்கதாக இருத்தல் வேண்டும். இருக்கை தாழ்ந்தாலும் கால்மிதி அதே இடத்தில் இருப்பதால் முழங்கால் கூடுதலாக மடங்கும் என்பது இம்முறையின் குறைபாடு.

பின் ஷாக் அப்சார்பர்

வில்லின் முன்னழுத்தத்தைத் தளர்த்துவது செலவில்லாத முதல் படி. எடை குறைந்த ஓட்டுநருக்கு இது பொருத்தமானதும்கூட. பின்னால் ஒருவரோ பயண மூட்டையோ ஏறும்போது மீண்டும் இறுக்க வேண்டும்.

ஹிமாலயன் போன்ற, இணைப்புத் தண்டுடன் கூடிய ஒற்றை ஷாக் அப்சார்பர் வண்டிகளில், அத்தண்டை வேறு நீளமுள்ளதாக மாற்றிப் பின்பகுதியைத் தாழ்த்தலாம். கிளாசிக், புல்லட் போன்ற இரட்டை ஷாக் அப்சார்பர் வண்டிகளில் நீளம் குறைந்தவற்றைப் பொருத்துவர். இரண்டிலுமே சக்கரம் மேலெழும் போக்கு மாறுகிறது. பள்ளத்தில் விழும்போது டயர் மட்கார்டின் உட்புறத்தில் இடிக்கிறதா என்பதை முழுச் சுமையுடன் பார்த்தறிதல் இன்றியமையாதது.

முன் ஃபோர்க்

பின்பகுதியை மட்டும் தாழ்த்தினால் முன் ஃபோர்க்கின் சாய்வு கூடும். ஹிமாலயன் 450 இன் சக்கர இடைத்தொலைவு 1,510 மி.மீ. பின்புறம் 25 மி.மீ. தாழ்ந்தால் வண்டி முழுவதும் ஏறத்தாழ 1 பாகை பின்னோக்கிச் சாய்கிறது. அதனால் திருப்பத்தில் வண்டி மந்தமாகத் திரும்பும். முன்புறத்தை மட்டும் தாழ்த்தினால், வேகத்தில் நேர்கோட்டில் செல்லும் உறுதி குறையும். ஆகவே ஃபோர்க் குழாய்களைப் பற்றியிருக்கும் பிடிகளைத் தளர்த்தி, குழாய்களை மேலே நகர்த்தி, முன்புறத்தையும் ஈடாகத் தாழ்த்துவர். இரு குழாய்களும் ஒரே அளவு நகர்த்தப்பட வேண்டும். பிடித் திருகுகளைக் கையேட்டில் கூறியுள்ள முறுக்குவிசைக்கு இறுக்க வேண்டும்.

தொடர் மாற்றங்கள்

வண்டி தாழ்ந்தபின் கீழ்க்காண்பவையும் சரிபார்க்கப்பட வேண்டும்:

- சைடு ஸ்டாண்டு. நீளம் குறைக்காவிட்டால் வண்டி நிமிர்ந்து நின்று மறுபக்கம் சரியக்கூடும்.
- சென்டர் ஸ்டாண்டு. வண்டியை அதன்மீது ஏற்றுவது கடினமாகும்.
- சங்கிலியின் தளர்வு.
- முகப்பு விளக்கின் ஒளிக்கோணம்.
- நிலத்திலிருந்து உள்ள இடைவெளி. இந்தியச் சாலைகள் பேரவையின் நெறிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீ. அகலமும் கொண்டது. நெறிக்குப் புறம்பாக ஊர்தோறும் எழுப்பப்படும் செங்குத்தான வேகத்தடைகளில்தான் தாழ்த்திய வண்டியின் அடிப்பகுதி உரசும்.

சிறிய சக்கரம் பொருத்தித் தாழ்த்துவது விரும்பத்தக்கதன்று. வேகமானியின் அளவீடு பிழைபடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் சக்கரத்தின் சுழற்சி அளவையே சார்ந்துள்ளது.

கைப்பிடியும் நெம்புகோல்களும்

உயரம் குறைந்தோருக்குக் கையும் பெரும்பாலும் நீளம் குறைந்ததாகவே இருக்கும். கைப்பிடியை முழுவதும் ஒருபுறம் திருப்பும்போது எதிர்க்கை எட்டாமல் உடல் முன்னே இழுபட்டால், அந்நொடியில் வண்டி சரியக்கூடும். கைப்பிடியைச் சற்றுப் பின்னோக்கிச் சுழற்றியோ, உயர்த்தும் கட்டைகளைப் பொருத்தியோ இதனைச் சரி செய்யலாம். கிளட்ச், பிரேக் கம்பிகள் இருபுறமும் முழுத் திருப்பத்தில் இழுபடாமல் இருக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும்.

சுமை

பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறத்தாழ 0.74 கிலோ எடையுள்ளது. ஹிமாலயன் 450 இன் 17 லிட்டர் தொட்டி நிறைந்தால் 12.5 கிலோவுக்கு மேல், அதுவும் வண்டியின் மேற்பகுதியில், சேர்கிறது. கனமான பொருள்களைப் பக்கவாட்டுப் பைகளின் அடியில் வைப்பதும், பின்பெட்டியில் இலேசானவற்றை மட்டும் வைப்பதும் ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தும்.

ஓட்டும் முறைகள்

மேற்கண்ட கணக்கின்படி 11.5 செ.மீ. குறையை இயந்திர மாற்றத்தால் மட்டும் முழுவதும் ஈடுசெய்ய முடியாது. இரு பாதங்களும் முழுமையாக நிலத்தில் பதிய வேண்டும் என்பதும் கட்டாயமன்று. இடுப்பை இருக்கையின் ஒருபுறம் நகர்த்தி, ஒரு காலை மட்டும் உறுதியாக ஊன்றுவதே அனுபவமுள்ளோர் கையாளும் முறை.

இந்தியாவில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் அமைக்கப்படுகிறது. எனவே இருவழிச் சாலையில் இடது காலுக்கு நிலம் சற்றுத் தொலைவிலும் வலது காலுக்கு அருகிலும் உள்ளது. வலது கால் பின் பிரேக்கில் இருப்பதால் பெரும்பாலோர் இடது காலையே ஊன்றுகின்றனர். ஓரச் சரிவில் நிற்க நேர்ந்தால் முன் பிரேக்கைப் பிடித்து வலது காலை ஊன்றுவது நலம். செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகே செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலும், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையிலும் சரக்குந்துகளுக்கு இடையே அடிக்கடி நின்று நகர வேண்டியிருக்கும். சரளையும் மணலும் சேர்ந்த ஓரத்தைத் தவிர்த்து, கால் வைக்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்து நிறுத்துவது இங்கு பயன்தரும். மழைக்காலத்தில் நீர் தேங்கிய இடத்தில் நிற்பதைத் தவிர்க்க வேண்டும். நீரின் அடியில் பள்ளம் இருப்பது தெரியாது.

நிறுத்துமிடத்தில் முன்சக்கரம் பள்ளத்தை நோக்கி நின்றால், ஏற்றத்தில் பின்னோக்கித் தள்ளி எடுக்கக் கால் வலு போதாது. ஆகவே எளிதில் முன்னோக்கி வெளியேறும் வகையில் நிறுத்துவர். விழுந்த வண்டியைத் தூக்குமுன் பொறியை அணைத்து, முதல் கியரில் இட வேண்டும். வலப்புறம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே விரித்துவிட வேண்டும். பின்னர் இருக்கைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கைப்பிடியையும் பின்கம்பியையும் பற்றிக்கொண்டு, முதுகை வளைக்காமல் கால்களின் வலுவால் பின்னோக்கி நடந்து நிமிர்த்துவர்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. ஆகவே சட்டகத்தை வெட்டுதல், ஒட்டுதல் போன்றவை ஏற்கத்தக்கனவல்ல. உடற்குறை உள்ளோருக்கென மாற்றியமைக்கப்படும் வாகனத்தை இச்சட்டம் தனி வகையாக வரையறுக்கிறது. உயரக் குறைவு மட்டும் அவ்வகையில் சேர்வதில்லை. உற்பத்தியாளர் வழங்கும் தாழ்ந்த இருக்கை, கையேட்டில் கூறப்பட்ட வில் சீரமைப்பு ஆகியன பாதுகாப்பான தேர்வுகள். வெளியார் பாகங்களைப் பொருத்துமுன் உத்தரவாதம், காப்பீடு ஆகியவற்றின் விதிகளைப் பார்ப்பது நலம்.

பிற நாட்டு வண்டிகளில்

ஹோண்டா கோல்டுவிங் வண்டியில் 1988 ஆம் ஆண்டு முதல் பின்னோக்கி நகர்த்தும் வசதி உள்ளது. 2021 இல் வெளிவந்த ஹார்லி டேவிட்சன் பான் அமெரிக்கா, நிற்கும்போது தானே தாழ்ந்து, ஓடத் தொடங்கியதும் உயரும் ஷாக் அப்சார்பர்களை ஒரு வடிவத்தில் வழங்கியது. 2023 இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 1300 ஜி.எஸ். வண்டியிலும், கூடுதல் வசதியாக 30 மி.மீ. தாழும் ஏற்பாடு உள்ளது. ஓடும்போது நிலத்திலிருந்து இடைவெளியும், நிற்கும்போது தாழ்வும் ஒருங்கே கிடைப்பதால், இயந்திர முறைகளின் குறைபாடு இதில் இல்லை. விலை மிகுந்த வண்டிகளில் மட்டுமே இது கிடைக்கிறது.

இவற்றையும் பார்க்க

- ராயல் என்ஃபீல்டு
- ஒரகடம்
- ஸ்ரீபெரும்புதூர்
- மோட்டார் வாகனச் சட்டம், 1988
- ஈர்ப்பு மையம்