ஹவாய் பாறைச் செதுக்கல்கள்

ஹவாய் பாறைச் செதுக்கல்கள் என்பவை ஹவாய்த் தீவுகளின் பழங்குடி மக்கள் இறுகிய எரிமலைக் குழம்புப் பாறைகளில் கொத்திய உருவங்களும் குறிகளும் ஆகும். ஹவாய் மொழியில் இவை கிஇ போஹாக்கு எனப்படுகின்றன. கிஇ என்பது உருவத்தையும் போஹாக்கு என்பது கல்லையும் குறிக்கும். இவ்வுருவங்கள் கல்லாலான வீட்டு அலங்காரப் பொருட்களிலும் எடுத்தாளப்படுகின்றன.

உருவாக்கமும் வடிவங்களும்

பழங்காலத்தில் கல்லையே கருவியாகக் கொண்டு பாறையின் மேற்பரப்பைக் கொத்தியோ கீறியோ இவை உருவாக்கப்பட்டன. வழவழப்பாக இறுகும் பாஹோயிஹோயி வகைப் பாறை இதற்கு ஏற்றதாக இருந்தது. கோட்டுரு மனிதர்கள், முக்கோண உடலுடைய மனிதர்கள், நாய், ஆமை, தோணி, பாய் ஆகியவை காணப்படும் வடிவங்களுள் சில. 1820 இல் கிறித்தவ மறைப்பணியாளர்கள் வந்து எழுத்தறிவு பரவிய பின்னர், ரோமன் எழுத்துக்களிலான பெயர்களும் பாறைகளில் இடம்பெற்றன.

பொருள்

1823 இல் ஹவாய்த் தீவைச் சுற்றிவந்த மறைப்பணியாளர் வில்லியம் எல்லிஸ், புள்ளியைச் சூழ்ந்த வட்டங்களைப் பற்றி எழுதியுள்ளார். அவருக்குக் கூறப்பட்டபடி, புள்ளி ஒரு மனிதரையும், வட்டங்களின் எண்ணிக்கை தீவைச் சுற்றிய குழுவினரின் எண்ணிக்கையையும் குறித்தன.

ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவிலுள்ள புஊ லோவாவில் 23,000 க்கும் மேற்பட்ட செதுக்கல்கள் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை சிறு குழிகள். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடித் துண்டை இத்தகைய குழியில் வைத்தால் குழந்தை நீண்ட ஆயுள் பெறும் என்பது நம்பிக்கை.

வீட்டுப் பொருட்களில்

கோப்பைத் தாங்கிகள், சுவர் ஓடுகள், நூல் தாங்கிகள் போன்றவற்றில் ஆமை, துடுப்பு வலிப்போர் முதலிய உருவங்கள் பொறிக்கப்படுகின்றன. கல்லில் பொறிக்கும் முறைகளுள் ஒன்று மணல் வீச்சு முறை. உருவம் வெட்டப்பட்ட ரப்பர் தாளைக் கல்லில் ஒட்டி, காற்றழுத்தத்தால் நுண்துகள்களைச் செலுத்தும்போது, மூடப்படாத பகுதி மட்டும் குழிவடைகிறது. கையால் கொத்திய மூலத்தின் சீரற்ற விளிம்பு இதில் அமைவதில்லை. வட்டங்கள் இங்கு அலங்காரம் மட்டுமே. அவை ஒருகாலத்தில் பயணிகளின் எண்ணிக்கையைக் குறித்தன என்பதைப் பொருளே உணர்த்துவதில்லை.

பாதுகாப்பு

செதுக்கல்களின் மேல் நடத்தல், தாள் வைத்துத் தேய்த்துப் படியெடுத்தல், அச்சு வார்த்தல் ஆகியவை பாறையின் மேற்பரப்பைச் சிதைக்கின்றன. எனவே புஊ லோவாவில் பார்வையாளர்கள் மரப்பலகை நடைபாதையில் நின்றே இவற்றைக் காண்கின்றனர். பூங்காவிலிருந்து கற்களை எடுத்துச் செல்வதும் தடை செய்யப்பட்டுள்ளது. உருவத்தை வேறு கல்லில் புதிதாகப் பொறிப்பது மூலத்தைத் தொடாமலே இயலும்; ஆனால் மூலப் பாறை தேய்ந்தால் அதை மீட்க வழியில்லை.