பருவமழையும் பித்தளைத் தோட்டாவும்

பகைவன் கை படாமலே ஒரு படையின் தோட்டாக்கள் பாழான வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் படை நடமாட்டம் குறைந்துவிடும். தோட்டாக்களை நனையாமல் வைக்க அகப்பட்ட இடம் குதிரை லாயம். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது, பல தோட்டாக்களின் பித்தளை உறைகள் வெடித்திருந்தன! அவை சுடப்பட்டவை அல்ல, அடிபட்டவையும் அல்ல. இந்நோய்க்குப் ‘பருவ வெடிப்பு’ என்று பெயரிட்டனர்.

தோட்டா உறை செய்யும் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, அதை அச்சுகளின் வழியே பலமுறை இழுத்து நீட்டுவர். சுடும்போது உறை விரிந்து துப்பாக்கியின் அறையோடு ஒட்டி, வாயு பின்னோக்கி வராமல் தடுக்கும். உடனே சற்றுச் சுருங்கி வெளியே எடுக்க இடந்தரும். எல்லா உலோகமும் இவ்வாறு செய்யாது. ஆனால் இழுத்து நீட்டப்பட்ட பித்தளைக்குள், நாணேற்றிய வில்லில் இருப்பதுபோல், ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது.

1921-ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் மூவர் புதிரை விடுவித்தனர். குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து பித்தளையைத் தாக்கியது; உள்ளிருந்த இறுக்கம் வெடிப்பை அகலப்படுத்தியது. குதிரையை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமன்று! இறுக்கம் இல்லாவிடில் அந்த ஆவியால் உறையை இப்படிப் பிளக்க இயலாது. ஆகவே, உறையை இதமாகச் சூடேற்றி இறுக்கத்தைத் தணிப்பதே பரிகாரமாயிற்று.

செம்புக்கும் அம்மோனியாவுக்கும் உள்ள உறவை நான் வகுப்பில் காட்டியதுண்டு. மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாவை மிகுதியாக விட்டால் ஆழ்ந்த நீலம் தோன்றும். மூக்கைப் பொத்திக்கொண்ட மாணவரும் கண்ணை எடுக்கமாட்டார்.

பித்தளை உறையை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தலாம். 1870-களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் தம் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொண்டனர். சட்டம் இடந்தரும் நாடுகளில் இலக்குப் பயிற்சியாளர் இன்றும் அவ்வாறு செய்கின்றனர். அதற்கு முதல் வேலை உறையைத் துலக்குவது. எரிந்த பற்றுமூடியை அகற்றியபின், உறைகளைச் சுழலும் உருளையில் நீர், துருப்பிடிக்காத எஃகுக் கம்பித் துண்டுகள், சிறிது சவர்க்காரம், சிட்டிகை எலுமிச்சை அமிலம் ஆகியவற்றோடு இட்டு, ஓரிரு மணிநேரம் சுழற்றுவர். நம் வீட்டில் குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்குவதும் இதே வேதியியல்தான்; அமிலம் மேலுள்ள கறையைக் கரைக்கிறது. அமிலம் மிகுந்தால் துத்தநாகம் கரைந்து, செம்பின் இளஞ்சிவப்பு வெளிப்படும். கதவுக் கைப்பிடிக்கு மெருகூட்டும் அம்மோனியா கலந்த குழம்பை இங்கே தொடவே கூடாது. ஏனென்பது லாயத்தின் கதை கேட்ட உங்களுக்குத் தெரியும்.

கழுவிய உறையை உள்ளும் புறமும் நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் மருந்தைக் கெடுக்கும். பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பர். கரி மூடியிருந்தபோது தெரியாத வெடிப்பு இப்போது கழுத்தில் மெல்லிய கோடாகத் தெரியும். அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் ஓடினால், அங்கே சுவர் மெலிந்து உறை இரண்டாகப் பிரியும் தறுவாயில் இருக்கலாம். அத்தகைய உறைகள் எவ்வளவு மினுங்கினாலும் பழைய பித்தளைக் கூடைக்கே போகும்.